கத்தரிக்கோல் காட்சி

ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் சண்டைக்கு நிற்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று உன் படத்தைப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கிற நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு போனேன். "எங்க பொண்ணு எழுதுன படம்" என்று டிக்கெட் கிழிக்கிறவரிடம்கூடச் சொன்னேன். கண்ணாடிச் செருப்பைத் தொலைத்த பெண்ணின் கதையைச் சின்ன வயதில் எத்தனை முறை சொல்லச் சொல்லிப் படுத்தியிருப்பாய்! இதில் செருப்பு சக்கரம் வைத்த ஷூ ஆகிவிட்டது. இளவரசன் பள்ளிக்கூடப் பந்தாட்டக் கேப்டன். கோபித்துக்கொள்ளாதே, பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காட்சியில் மட்டும் தியேட்டர் மூச்சை அடக்கியது. நடனத்துக்கு முந்தின நாள் சித்தி அந்தப் பெண்ணின் முடியை வெட்டுகிற இடம். "இவல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மாதக் கடைசியில் உன்னோடு இருக்க அங்கே வந்துவிட வேண்டும் அல்லவா, பாத்திரங்களைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன்.

உன் சித்தி

ஜூன் 15

அன்புள்ள சித்திக்கு,

படம் ஊத்திக்கொண்டது. நாலே நாளில் தூக்கிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தது வேறு. கம்பெனிக்காரர்கள் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தச் சித்தியையும் அவர்கள்தான் அப்படி ஆக்கினார்கள். அது நீங்கள் இல்லை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருத்தர்தான். ஜன்னல் வைத்த அறையை உங்களுக்காக ஒழித்துவிட்டேன். சீக்கிரம் வாருங்கள்.

வாலு

ஜூன் 21

அன்புள்ள வாலுக்கு,

படத்தில் வந்த கத்தரிக்கோலின் பிடியில் நீல நூல் சுற்றியிருந்தது. நம் வீட்டுக் கத்தரிக்கோல் என் விரலில் உரசாமல் இருக்க உன் அப்பா சுற்றிக் கொடுத்த நூல் அது. எந்தக் கம்பெனிக்கு அது தெரியும்?

இனி மறைப்பதில் பயனில்லை. அப்போது உனக்கு ஒன்பது வயது. பொடுகு என்று நீ சொறிந்துகொண்டிருந்தது பொடுகு இல்லை, புண். சீழ் பிடித்திருந்தது. முடியை எடுத்தால்தான் மருந்து போட முடியும் என்றார் டாக்டர். உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாததிலிருந்து, வியாதி என்ற சொல் காதில் விழுந்தாலே நீ நடுங்குவாய். "புண்ணுன்னு சொல்லிடாத, பயந்துடுவா" என்றார் அப்பா. அதனால்தான் "எனக்கு நீள முடி பிடிக்கல" என்று சொல்லி வெட்டினேன். மருந்தை எண்ணெய் என்று தடவினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் உன் நடனம் என்பது எனக்குத் தெரியாதா? நீ பயப்படாமல் இருந்தால் போதும், என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும் என்றிருந்தேன். நாலு நாளில் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

சித்தி

ஜூன் 27

சித்தி,

பொய் சொன்னேன். அந்தக் காட்சியை நான்தான் எழுதினேன். மற்ற எல்லாவற்றையும் மாற்றியவர்கள் அதில் மட்டும் கை வைக்கவில்லை. "இது ஒண்ணுதான் உண்மையா இருக்கு" என்றார் டைரக்டர். எனக்குப் பெருமையாக இருந்தது சித்தி. அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இருபது வருஷத்தில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே? கல்யாண வீடுகளில் நீங்கள் என் தலையைக் கோதும்போதெல்லாம் நான் விலகிப் போனேனே, அப்போதாவது? சனிக்கிழமை நானே வந்து அழைத்துப் போகிறேன். என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாலு

ஜூலை 2

என் கண்ணு,

உன்மேல் கோபம் இல்லை. ஒன்பது வயதுக் குழந்தை பார்த்ததை நீ எழுதினாய், அவ்வளவுதான். விலகிப் போவாய் என்று தெரிந்தேதான் தலையைக் கோதினேன்.

சனிக்கிழமை வரவேண்டாம். அங்கே வந்தால் ஒரு நாள் காய் நறுக்கக் கத்தியை எடுப்பேன். அந்தக் கத்தரிக்கோலை நினைத்துக்கொண்டு நீ பார்க்கிறாயா என்று திரும்பிப் பார்ப்பேன். உனக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அப்படி ஒரே வீட்டில் இருக்கவேண்டாம்.

வீட்டைக் காலி செய்யவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பாத்திரங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கியாயிற்று. அந்த ஜன்னல் அறையில் மேசையைப் போட்டு எழுது. அடுத்த படத்தையும் போய்ப் பார்ப்பேன், யாரையும் கூட்டிக்கொண்டு போகமாட்டேன்.

சித்தி