மூன்று பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவும் நலம்தான், முட்டி வலி மட்டும் அவளை விடுவேனா என்கிறது. போனில் பேசினால் நான் கத்துவேன், அவள் போனைப் பிடுங்கிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீ அங்கிருந்தே எடுத்து அனுப்பிய டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை அரண்மனை மியூசியத்துக்குப் போனோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். நீயும் வருவதாக இருந்தபோது எடுத்தது. போன வாரம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாய். டிக்கெட்டை மாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை.

மூணு பேரும் ஒண்ணா வந்தாத்தான் உள்ளே விடுவேன் என்று வாசல் காவலாளி சொல்லிவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டு, பையன் வண்டிய நிறுத்திட்டுப் பின்னாடியே வர்றான் என்றாள். அவனும் நோட்டில் மூன்று என்று எழுதி, பளிங்குத் தரை கீறாமல் இருக்கக் காலில் மாட்டும் துணி உறை மூன்று ஜோடி கொடுத்தான். முப்பது வருஷம் பஸ்ஸில் தலை எண்ணிய கண்டக்டர் நான், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அரண்மனையாம் அரண்மனை! எங்கு பார்த்தாலும் கயிறு. தொடாதே, சாயாதே, உட்காராதே. ஒரு கூடத்தில் அறுபது நாற்காலி; கால் கடுக்க நிற்கும் உன் அம்மாவுக்கு ஒன்று கிடையாது. ராஜா செத்து நூறு வருஷம் ஆகிறது, இன்னும் அவருக்குத்தான் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவளோ உன் பங்குக் கால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கூடத்திலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மூடும் நேரத்தில் வந்தது வினை. நோட்டில் மூன்று பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே. ஒரு ஆள் உள்ளேயே பதுங்கியிருக்கிறான் என்று நான்கு பேர் தேடப் போய்விட்டார்கள். அவன் வரவே இல்லை, வெளிநாட்டில் இருக்கிறான் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பின்னாடி வர்றான்னு உங்க வீட்டம்மாதானே சொன்னாங்க என்றான் வாசல் காவலாளி. ராஜாவின் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்களாம். முக்கால் மணி நேரம் கழித்து, 'மகன் வரவில்லை' என்று என்னிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

அந்த முக்கால் மணி நேரமும் உன் அம்மா காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதே அவள்தான். இருந்தும், காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றாள். உள்ளே யாருமில்லம்மா என்று அவர்கள் வந்து சொன்னதும், நல்லாத் தேடினீங்களா என்று கேட்டாள். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த மாதம் பதினான்காம் தேதி அவளுக்கு முட்டி ஆபரேஷன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். முடியாதென்றால் இப்போதே என்னிடம் மட்டும் சொல்லிவிடு. அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். முடியுமென்றால் சொல்லவே வேண்டாம், வந்து நில்.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலும் நோட்டுப் போடுவார்கள். கூட வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அவள் என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா