மகள் பார்க்காத படங்கள்

ஜூலை 27, ஞாயிறு

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அவர், புதுக் கேமராவில் மகளைப் படம் எடுக்க எங்களைச் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்குக் கூட்டிப்போனார். "இங்கன பாருட்டி" என்று எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தவர், "பிள்ள என்னையப் பாக்கவே மாட்டேங்கா" என்றார். அப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை.

படுக்கவைக்கும்போது மகளிடம் கேட்டேன். "வாப்பாவ ஏன் பாக்கல?"

"பாத்தேன். வாப்பா மூஞ்சியக் காணோம் உம்மா, கேமராதான் இருந்துச்சு."

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? புதன்கிழமை கிளம்புகிறார். அதுவரை கேமராவைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிடலாம். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வாள். ஆனால் அங்கே போனபிறகு அவர் எதைப் பார்ப்பார்?