கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி

கர்னி, நெப்ராஸ்கா
6 மார்ச் 1958

என் அக்கா இர்மா பெற்ற ஒரே பெண்ணும் ஆங்கில மொழியின் முதல் எதிரியுமான நெட்டிக்கு,

உன் நாலு பக்கக் கடிதம் வந்தது. வழக்கம்போல் சிவப்புப் பென்சிலில் குளிப்பாட்டி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். 'அண்ட்' என்று தொடங்கும் வாக்கியம் ஏழு, 'பட்' பதினொன்று, 'பிகாஸ்' ஒன்று! அந்த ஒன்றைப் பார்த்ததும் என் பூனை மூர்ச்சை போட்டு விழுந்தது.

நாற்பத்தோரு வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் நான். ஒரு 'பட்' கூட வாக்கியத்தின் தலையில் ஏறி என் மேசையைத் தாண்டியதில்லை. தாண்டப் பார்த்த இரண்டு நிருபர்கள் அலாஸ்காவுக்கே ஓடிப்போனார்கள். என் வழிதான் உனக்குத் தெரியுமே: எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் பார்ப்பேன். விஷயம் புரிந்துவிட்டால் பிழை கண்ணில் படாது. விஷயத்தை, நீ திருத்தி அனுப்பும் நல்ல பிரதியில் சாவகாசமாகப் படித்துக்கொள்கிறேன்.

வீட்டில் தொலைபேசி வைக்காததும் இதனால்தான். அதில் உளறுகிறவர்களை எந்தப் பென்சிலால் திருத்துவது?

இர்மாவை விசாரித்ததாகச் சொல்.

மாட்சிமை தங்கிய உன் மாமா,
ஆர்லோ

ஓமஹா
12 மார்ச் 1958

மாமா,

அம்மா சனிக்கிழமை போய்விட்டாள்.

டாக்டர் ஒரு வாரம்தான் கெடு வைத்திருக்கிறார், அம்மா தினமும் உங்களைக் கேட்கிறாள், உடனே கிளம்பி வாருங்கள். அந்த நாலு பக்கத்தில் நான் எழுதியிருந்தது அதைத்தான். அவள் உங்களிடம் சொல்லச் சொன்னதை அவள் சொன்னபடியே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை காலை உங்கள் கவர் வந்தது. "அவன் கையெழுத்துடி! எப்ப வரானாம்?" என்றாள். நான் பிரித்துப் படித்தேன். "நாளைக்கு வந்துடுவார்மா" என்றேன். "பாத்தியா, வராம இருப்பானா?" என்று கவரை வாங்கிக்கொண்டாள். உங்களுக்குத் தந்தி கொடுக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. தந்தியைக் கொடுக்காமலே வந்துவிட்டேன்.

அடக்கத்தில் எல்லோரும் "தம்பி எங்க?" என்று கேட்டார்கள்.

நெட்டி

கர்னி
14 மார்ச் 1958

நெட்டி, என் கண்ணே,

வானம் இடிந்தது, பூமி பிளந்தது என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது.

உன் நாலு பக்கத்தில் என் நினைவில் இருப்பது பத்தொன்பது வார்த்தைதான். இர்மா என்ற பெயர் எந்தப் பக்கத்தில் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. அவள் கேட்டாள் என்று எழுதிய வரியின் தலையில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். அந்தக் கடிதத்தை மட்டும் அனுப்பி வை. முதல் வரியிலிருந்து படிக்கிறேன். இர்மா எனக்கு என்ன சொன்னாள் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லையம்மா.

மாமா

ஓமஹா
20 மார்ச் 1958

மாமா,

அது என்னிடம் இல்லை. நீங்கள் திருப்பி அனுப்பிய கவருக்குள்ளேயே இருந்தது. அம்மா விரலை விலக்கிக் கவரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடுதான் புதைத்தோம்.

மூன்றாம் பக்கம் எனக்கு மனப்பாடம். அதை உங்களுக்கு இன்னொரு தடவை எழுத என்னால் ஆகாது. இனி எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

நெட்டி