மேல் ஜன்னலின் சிவப்புப் புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

பிரிண்டர் மறுபடியும் சிவப்பு மையைத் துப்புகிறது. துறைமுகப் படத்தை அச்செடுத்தபோதும் இதே தொல்லைதான், தாள் முழுக்க அம்மை போட்ட மாதிரி. அன்றைக்கு நகத்தால் சுரண்டிச் சுரண்டி விரல் நுனி சிவந்துபோனது. இன்று கலங்கரை விளக்கத்தின் முறை. கேப்டனிடம் புது பிரிண்டர் கேட்டேன். கேம் வெளியே வரட்டும் என்றார். இந்த ஆபீசில் நாற்காலிக்குக் கால் உடைந்தாலும் அதுதான் பதில்.

கேப்டன் என்றால் எங்கள் முதலாளி. படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். "அலைதாண்டி" என்று கப்பல்காரி ஒருத்தியின் சாகச கேமை ஐந்து பாகம் விற்றுவிட்டதால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஐந்துமே பொடிப் பொடிப் புள்ளிகளால் ஆன படங்கள். ஆறாவது பாகத்தில் அவள் முதல் துறைமுகத்துக்கே திரும்பி வருகிறாள். அதை நீர்வண்ணத்தில் வரையத்தான் என்னை எடுத்தார்கள்.

நான் எப்படி வரைகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. பழைய படத்தை ஒரு புள்ளி ஒரு விரல்நகம் அளவுக்குப் பெரிதாக்கி அச்செடுப்பேன். கண்ணாடி மேசையில் விரித்து, அடியில் விளக்கைப் போட்டு, மேலே என் தாளை வைத்து, ஒவ்வொரு புள்ளியின் மேலும் வரைவேன். கல் இருந்த இடத்தில் கல், நிழல் இருந்த இடத்தில் நிழல். பைத்தியக்கார வேலைதான். ஆனால் அந்தக் காலத்து ஓவியர் ஒவ்வொரு புள்ளியையும் யோசித்துத்தானே வைத்திருப்பார்? அதில் கால் வைத்து நடந்தால் வழுக்காது என்று ஒரு நம்பிக்கை.

மார்ச் 5, வியாழன்

நாளை டிரெய்லர். சோறு இறங்கவில்லை. வீட்டில் இவர் என் தட்டிலிருந்ததையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "நீ வரைஞ்சதைப் பாத்தா அசந்துடுவாங்க" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பேச்சு. வருகிறவர்களிடமெல்லாம் இந்த ஃபிரேம் உங்களுக்கென்றே செய்தது என்று சொல்லிச் சொல்லிப் பழக்கம்.

மார்ச் 6, வெள்ளி

அசந்துதான் போனார்கள்.

"டீயைக் கொட்டிட்டு ஓவியம்னு சொல்றாங்க." "என் கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்குன்னு நினைச்சு ரெண்டு தடவை துடைச்சேன்." "அலைதாண்டி கடல்ல விழுந்துட்டா, யாரும் காப்பாத்தலை." ஒருவர் துறைமுகத்தைத் தன் வீட்டுச் சுவரில் ஈரம் ஊறிய இடத்தின் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார். நிஜமாகவே ஒரே மாதிரிதான் இருந்தது. சிரித்துவிட்டேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 7, சனி

படிக்கக் கூடாது என்று இவர் என் போனைப் பிடுங்கி வைத்தார். இவர் போனில் படித்தேன்.

மார்ச் 9, திங்கள்

கேப்டன் கூப்பிட்டார். மனு ஒன்று ஓடுகிறதாம், புள்ளிகளுக்கே திரும்பு என்று. ரசிகர் குழுவில் "மாலுமி" என்ற பெயரில் எழுதுகிறவர்தான் அதற்குத் தலை. ஐந்து பாகத்தையும் கரைத்துக் குடித்தவர். அவர் தும்மினால் குழுவே தும்முகிறது. பணம் போட்டவர்கள் பயந்துவிட்டார்கள். மாதக் கடைசியில் முடிவு. அதுவரை புதிதாக எதையும் வரைய வேண்டாம்.

"அப்ப நான் வரைஞ்சது?" என்று கேட்டேன்.

"பத்திரமா வைப்போம்மா" என்றார்.

பத்திரமா. இரண்டு வருஷம் விளக்குக்கு மேலே குனிந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போய்விட்டது, அதை எந்த அலமாரியில் பத்திரமாக வைப்பார்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் இந்த மாலுமி? ஒரு கோடு போடத் தெரியுமா அவருக்கு? புள்ளியாம், பழசாம். பழசு மேலே அவ்வளவு பாசமிருந்தால் பழசையே விளையாட வேண்டியதுதானே, யார் கையைப் பிடித்துத் தடுத்தார்கள்? போதும்.

மார்ச் 10, செவ்வாய்

தூரிகைகளைக் கழுவிக் காயவைத்தேன். வேறு வேலையில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். தலைகால் புரியவில்லை.

மாலுமி ஒரு காரியம் செய்திருக்கிறார். என் துறைமுகம் எவ்வளவு மோசம் என்று புள்ளிக் கணக்காக நிரூபிப்பதற்காக, அதைப் பழைய படத்தின் அளவுக்குச் சுருக்கி, பழையதன் மேலே அப்படியே பொருத்திப் பார்த்திருக்கிறார். எங்கெங்கே விலகியிருக்கிறதோ அங்கெல்லாம் மஞ்சள் அடிப்பதாகத் திட்டம். அடிக்க உட்கார்ந்தால் அடிக்க இடமில்லை. படிக்கட்டு படிக்கட்டின் மேல் உட்காருகிறது. கயிற்றின் நிழல் கயிற்றின் நிழலில். மீன்கூடைகளுக்கு இடையிலிருக்கும் இருட்டு கூட அதே இருட்டு. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறதே தவிர, டீ கொட்டிய ஓவியம் சுருங்கியதும் பழைய துறைமுகமாகவே ஆகிவிட்டது.

அவர் எழுதியதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "மூன்று தரம் செய்து பார்த்தேன். யாரோ ஒருவர் ஒவ்வொரு புள்ளியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நான் இதுவரை எழுதியதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன்."

கீழே ஒவ்வொருவராகத் தாங்களும் சுருக்கிப் பார்த்ததைப் போட ஆரம்பித்தார்கள். ஈரச்சுவர் போட்டோக்காரரும் போட்டார். "சுவரையும் சுருக்கிப் பார்த்தேன், துறைமுகம் வரவில்லை" என்று எழுதியிருந்தார்.

என் அம்மாவுக்குக் கூடத் தெரியாத விஷயத்தை, என்னைத் திட்ட வந்த ஆள் கண்டுபிடித்துவிட்டார். இப்படியும் ஒரு படத்தைப் பார்ப்பார்களா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மாலுமி மறுபடி எழுதியிருக்கிறார். ஒரே வரி. "எல்லாம் இருக்கிறது, மேல் ஜன்னலின் புள்ளியைத் தவிர."

எந்தப் புள்ளி?

மார்ச் 14, சனி

லீவு நாளில் ஆபீசுக்குப் போய் அச்செடுத்த தாளைத் தேடி எடுத்தேன். துறைமுகத்தின் வலது ஓரம், பூட்டிய வீடு, மேல் ஜன்னல். அங்கே ஒரு சிவப்புக் கட்டம், பாதி சுரண்டியபடி. என் நகம்தான் சுரண்டியிருக்கிறது. பிரிண்டர் துப்பியதோடு துப்பியது என்று நினைத்துவிட்டேன்.

திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து குழுவின் பழைய பேச்சுகளைத் தோண்டினேன். அந்தப் புள்ளிக்கு என்றே தனி அறை வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷமாகப் பேசுகிறார்கள். அந்த வீட்டுக் கதவு எந்தப் பாகத்திலும் திறக்காது, உள்ளே என்ன என்று கேம் சொல்லவே சொல்லாது. ஆனால் மேலே ஒரு சிவப்பு. விளக்கு என்கிறது ஒரு கட்சி. சுருட்டுக் கங்கு, யாரோ உளவு பார்க்கிறான் என்கிறது இன்னொன்று. அலைதாண்டியின் தாய் செத்துப்போகவில்லை, அங்கே சிவப்புச் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நர்ஸ் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், அந்தத் தெருவில் எந்த ஜன்னலிலிருந்து எந்தக் கப்பல் தெரியும் என்று கோடு போட்டுக் காட்டி. சால்வைக் கட்சிக்காரி ஒருத்தியும் சுருட்டுக் கட்சிக்காரர் ஒருவரும் இதிலேயே சண்டை போட்டுச் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் கட்சி மாறவில்லையாம்.

ஒற்றைப் புள்ளி. அதற்குள் இத்தனை பேர் குடியிருந்திருக்கிறார்கள். நான் நகத்தால் சுரண்டிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கேப்டன் முகத்தில் கப்பல் கரை சேர்ந்த களை. மனுவை மாலுமியே எடுத்துவிட்டாராம். பணம் போட்டவர்களுக்கு நீர்வண்ணம் சம்மதம், ஒரே ஒரு நிபந்தனை: புள்ளி திரும்ப வர வேண்டும். "ஒரு பொட்டு சிவப்புதானேம்மா, மத்தியானத்துக்குள்ள வெச்சிடு" என்றார்.

வைத்துவிடலாம். என்னவாக வைப்பது? புள்ளிப் படத்தில் புள்ளி எதுவாகவும் இருக்கலாம். என் படத்தில் விளக்கு என்றால் விளக்குதான், சால்வை என்றால் சால்வைதான். நர்ஸுக்கு நியாயம் செய்தால் சுருட்டுக்காரருக்கு அநியாயம்.

மார்ச் 19, வியாழன்

விளக்கு வரைந்தேன். சிவப்புத் துணி வரைந்தேன். பூந்தொட்டி வரைந்தேன். மூன்றும் நன்றாகத்தான் வந்தன. மூன்றையும் கிழித்துப் போட்டேன். நன்றாக வருவதுதான் பிரச்சினை. பார்த்ததும் "ஓ, இதுதானா" என்று முடிந்துபோகிறது.

மார்ச் 21, சனி

முதல் பாகத்தை வரைந்தவரின் நம்பரைக் கேப்டனிடம் வாங்கினேன். இப்போது வீட்டுக்கு அடிக்கும் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறார். பின்னால் டப்பா குலுக்கும் மெஷின் சத்தம். அவர் வைத்தது என்ன என்று தெரிந்தால் பொறுப்பு என் தலையிலிருந்து இறங்கும் என்று நினைத்தேன்.

கேட்டதும் சொன்னார்: "அது கை தவறினதும்மா. கடைசி நாள் அவசரம். பக்கத்து ஓட்டுக் கூரையோட சிவப்பு அங்க ஒட்டிக்கிச்சு. நான் கவனிச்சப்ப கேம் கடைக்குப் போயிடுச்சு."

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அவங்க எழுதுறதைப் படிச்சேன். சொல்ல மனசு வரலை." மெஷின் நின்றது. "நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒவ்வொரு புள்ளியையும் யோசித்து வைத்திருப்பார் என்று நம்பித்தானே இரண்டு வருஷம் குனிந்தேன்! ஏமாந்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை. அந்த மேல் ஜன்னலுக்குள் எதையோ பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. யாருமே வைக்காத ஒன்றை அத்தனை பேர் சேர்ந்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

இவரிடம் புலம்பினேன். கை தவறியதை மட்டும் சொல்லவில்லை, வாக்கு வாக்குதான். ஃபிரேமுக்குத் திருகு முடுக்கிக்கொண்டே கேட்டார். கடையில் கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகை மாட்டியிருக்கிறாரே, அதன் கடைசி வரி அநேகமாக யாருக்கும் தெரியாதாம். ஆனால் தெரியவில்லை என்று ஒருத்தரும் சொல்வதில்லையாம், கண்ணைச் சுருக்கி முன்னால் சாய்ந்து ஏதோ ஒரு எழுத்தைச் சொல்லிவிடுவார்களாம்.

"அதைப் பெருசா எழுதிட்டா யாரும் சாய மாட்டாங்க" என்றார்.

இந்த மனுஷனைச் சில சமயம் நான் சரியாக எடை போடுவதில்லை.

மார்ச் 26, வியாழன்

கை தவறினது என்றால் கைதான் தவற வேண்டும். வேண்டுமென்றே எப்படித் தவறுவது?

துறைமுகத்தின் அந்த மூலையை மறுபடி வரைந்து, ஜன்னலை ஈரமாகவே விட்டேன். தூரிகை நிறையச் சிவப்பு எடுத்து, கையை உயரத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொட்ட விட்டேன். முதல் தாளில் சொட்டு கடலில் விழுந்தது. இன்னொன்றில் என் செருப்பில். மேசையெல்லாம் கொலை நடந்த இடம் மாதிரி ஆனது. மத்தியானம் ஒரு தாளில் சரியாக ஜன்னலுக்குள் விழுந்தது. ஈரத்தில் ஒரு பக்கமாகக் கொஞ்சம் ஊர்ந்து, நின்று, காய்ந்தது. நான் அதைத் தொடவில்லை.

கேப்டன் வந்து பார்த்தார்.

"என்னது அது?"

"தெரியலை சார்."

கண்ணாடியைக் கழற்றினார். சாய்ந்தார். இன்னும் சாய்ந்தார். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அக்டோபர் 9, வெள்ளி

வெளியாகிவிட்டது. மாலுமி துறைமுகத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஒரே சொல் எழுதினார். "இருக்கிறது."

புது பிரிண்டர் வரவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

குழுவில் தனி அறை மறுபடி நிரம்பி வழிகிறது. விளக்குக் கட்சி வென்றதாக அறிவித்துவிட்டது. சுருட்டுக் கட்சியும் அறிவித்துவிட்டது. சொட்டு ஊர்ந்து நின்ற அந்த ஓரத்தைப் பெரிதாக்கி, அது எந்தப் பக்கம் ஏன் சாய்கிறது என்று அடிதடி. என் செருப்பில் இன்னும் அதே சிவப்பு இருக்கிறது. வாசலில் கிடக்கிறது, யாருக்கும் தெரியாது.

நாக்கு சும்மா இருக்கவில்லை. புதுப்பெயர் ஒன்று வைத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் பார்த்தவரை அது வெறும் நிறம், சும்மா ஒரு கறை மாதிரிதான் தெரிகிறது என்று எழுதினேன். என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று.

நர்ஸ் உடனே பதில் போட்டார். அதட்டவில்லை, பொறுமையாகவே சொன்னார்: "நீங்க அவசரமா பாத்திருக்கீங்க. படத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சு, இடது பக்கம் சிவப்பு மெலிசாகிற இடத்தைப் பாருங்க. ஒரு கை தெரியும். திரைச்சீலையை விலக்குது. வரைஞ்சவங்களுக்கு அவ யாருன்னு தெரிஞ்சிருக்கு."

வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மூலத் தாளை எடுத்து, எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அறையின் இந்தக் கோடி வரை பின்னால் வந்து பார்த்தேன்.

கை இருக்கிறது.