காம்புத் தையல்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பது புகைப்படத்திலேயே தெரிகிறது, அதனால் கேட்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படிதான் இன்னும் ஆகாது. தம்பிக்கு அச்சகத்தில் மதிய வேலை, காலையில் வீட்டில் இருக்கிறான், அப்படி இருந்தபோதுதான் கைப்பேசியில் அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். கண்காட்சிச் சுவரில் நான் பூ தைத்த பட்டு, பக்கத்து அட்டையில் உன் பெயர். அக்கா எப்பம்மா ஊசி பிடிச்சா என்று கேட்டான். சட்டையில் பொத்தான் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு போனவள் நீ, அவனுக்கு நான் என்ன சொல்ல. வீட்டில் மாட்டிக்கொள்ளத்தானே கேட்டு வாங்கிப் போனாய். பதினொரு மாதம், ஜன்னலோரம், வெளிச்சம் இருக்கும்வரை. நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கி, ஒரு இதழுக்கு ஆறு இளஞ்சிவப்பு, எது எங்கே முடிந்து எது தொடங்குகிறதென்று எனக்கே தெரியாதபடி. துணியைக் கொஞ்சம் சாய்த்தால் அப்போதுதான் பூ விரிகிற மாதிரி இருக்கும். அந்த அழகைப் பற்றி அட்டையில் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், என் விரல்கள் அறிந்த பூக்கள் என்று. அந்த விரல்களுக்குக் கூசவில்லையா.

நான் படத்தைப் பார்த்த மறுநாளே ஃபோன் செய்தாய், இன்னொண்ணு தைச்சு அனுப்பும்மா, யாருக்கும் தெரிய வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம்தானே என்றாய். நான் ஃபோனை வைத்துவிட்டேன். பிள்ளை முன்னுக்கு வரட்டுமே, விடேன் என்று அப்பா செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அவர் விடுவார், எரிந்தது அவர் கண்ணா. ஒன்றை நீ யோசிக்கவில்லை. நான் இடது கைக்காரி. எல்லோரும் தைக்கிற காம்பில் தையல் ஒரு பக்கம் சாயும், என் காம்பில் எதிர்ப்பக்கம். தையல் தெரிந்தவர்கள் படத்திலேயே கண்டுகொள்வார்கள். சிநேகிதிகளிடம் என்னைப் பீச்சாங்கை என்று சொல்லிச் சிரித்தவளுக்கு இது எப்படி மறந்தது. இதையெல்லாம் கண்காட்சிக்காரர்களுக்கு எழுதி, பட்டு தையல் சட்டத்தில் பாதி தைத்து நின்றபோது தம்பி எடுத்த படங்களையும் வைத்து, நேற்றே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்குச் சாதாரணத் தபால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் பட்டைக் கழற்றிக் கொடுத்ததும் மடித்துவிடாதே, இதழில் கோடு விழும். உருளையில் சுற்றி எனக்கு அனுப்பிவை.

இப்படிக்கு,
அதைத் தைத்தவள்,
உன் அம்மா