அப்ப நீ யாரும்மா?

5 ஜூலை 2003, சனி

ஆரணிக்கு வந்து இன்றோடு ஒரு வாரம். அறக்கட்டளை மனநல மையத்தில் ஆறு மாதக் களப்பயிற்சி. நான், தெள்ளார் தனசேகரன், சென்னையிலிருந்து வந்த கிரண். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மின்விசிறி.

சனிக்கிழமைதோறும் படம் வரைய வேண்டுமாம். கல்லூரி உத்தரவு. தலைப்பு: 'நானும் என் வேலையும்'. மனநல சமூகப்பணி படிக்க வந்தவளுக்கு ஸ்கெட்ச் பேனா எதற்கு? நான் கடைசியாக வரைந்தது பள்ளிக்கூடத்தில், செம்பருத்தியின் குறுக்குவெட்டு.

தனசேகரன் ஒரு கொசு வரைந்தான். "ஊடு ஊடா போறேன், அல்லாரும் அடிச்சித் தொரத்துறாங்க." கிரண் அழகாக ஓர் ஏரி வரைந்தான். நீ எங்கே என்று கேட்டால், "நான்தான் ஏரி" என்கிறான். எங்களுக்குப் பொறுப்பாளர் கற்பகம் மேடம். அவரும் வரைந்தார்: பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். "பதினோரு வருஷ சர்வீஸ். ஒரு நாளும் சீட் கெடச்சதில்ல."

நான் வரைந்த 'நான்' வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நின்றாள். தனசேகரன் எட்டிப் பார்த்தான். "லாவண்யா, ஊசியும் போடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் கம்மியாக.

8 ஜூலை

நான் வாடகைக்கு இருக்கும் மாடியில் டாக்டர் குடியிருப்பதாக வீட்டுக்காரர் கிருஷ்ணம்மாள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இன்று முட்டிவலி என்று வந்து உட்கார்ந்தார். எங்கள் அம்மா போடும் தைலத்தின் பெயரைச் சொன்னேன். நான் டாக்டர் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கையில் சூடாக மசால்வடை இருந்தது.

18 ஜூலை, வெள்ளி

முதன்முறையாகத் தனியாக ஒரு வீட்டுக்குப் போனேன். பட்டு நெய்யும் பொன்னுசாமி வீடு. அவர் மனைவி சின்னக்கண்ணுவுக்கு இல்லாத குரல்கள் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டு வருடமாக எங்கள் மையத்து மாத்திரை. இப்போது வெங்காயம் அரிந்துகொண்டே என்னைக் கிண்டல் செய்கிற அளவுக்குத் தேறிவிட்டார். "இவ்ளோ ஒல்லியா கீறியே, காத்தடிக்கசொல்ல வெளிய வராத."

பொன்னுசாமி நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். வார்த்தைக்கு வார்த்தை டாக்டரம்மா. கிளம்பும்போது கேட்டார்: "இப்பதான் நல்லாகீதே டாக்டரம்மா. மாத்திர துன்னா பகல்பூரா தூங்கிகினே கெடக்குது. நிறுத்திடலாமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பாக்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

டாக்டரம்மா! கால் தரையில் பாவவில்லை.

26 ஜூலை, சனி

இன்றும் வெள்ளைக் கோட்டுதான். இந்த முறை பொத்தான்கள்கூட வந்துவிட்டன.

11 ஆகஸ்ட், திங்கள்

சின்னக்கண்ணு அக்காவைக் காணவில்லை என்று காலையில் பொன்னுசாமி மையத்துக்கு ஓடி வந்தார். மூன்று வாரமாக மாத்திரையே கிடையாதாம். யார் நிறுத்தச் சொன்னது என்று கற்பகம் மேடம் கேட்டதும் என் பக்கம் கையைக் காட்டினார். "இந்த டாக்டரம்மாதான்."

நானா? நான் எப்போ சொன்னேன்? பாக்கலாம்னுதானே— ஐயோ. பாக்கலாம்னு சொன்னேன்.

தனசேகரனின் பைக்கில் பஸ் ஸ்டாண்டு, கோயில், கடைத்தெரு, எங்கும் இல்லை. மதியம் களம்பூர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தார். அவ்வளவு தூரம் நடந்தே போயிருக்கிறார். பாதமெல்லாம் கொப்புளம். "எங்கம்மா வண்டில வருது" என்றார். அம்மா இறந்து பன்னிரண்டு வருடமாகிறது என்று பொன்னுசாமி அப்புறம் சொன்னார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் யாரோ பயணி என்று நினைத்து, நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவு மரியாதையாக. அதுதான் தாங்கலை.

வேலூரிலிருந்து வரும் டாக்டர் இன்று மையத்தில் இருந்தார், நல்லவேளை. ஊசி போட்டு, மாத்திரையை மறுபடி தொடங்கினார்.



12 ஆகஸ்ட்

கற்பகம் மேடம் கத்தவில்லை. "டாக்டரக் கேட்டுச் சொல்றேன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சா?"

ஆமாம் என்றேன். "நான் எங்க ஊரு வந்தவாசிக்கே போயிடறேன் மேடம். எனக்கு இந்த வேல வேணாம்."

"போறதுன்னா போ. அந்த ஊட்ல போய் சொல்லிட்டுப் போ."

13 ஆகஸ்ட்

போனேன். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடும் சத்தத்தில் நான் சொன்னது பொன்னுசாமிக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறையும் கேட்கவில்லை. மூன்றாவது முறை, "நான் டாக்டர் இல்லீங்கண்ணா!" என்று உரக்கக் கத்தினேன். சரியாக அந்த நொடியில் கரண்டு போய், பவர்லூம் நின்றுவிட்டது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

தறிக் குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர் இல்லியா? அப்ப நீ யாரும்மா?"

"படிச்சிகினு இருக்கேங்க."

"இன்னாத்துக்கு?"

இரண்டு வருடமாக நோட்டு நோட்டாக எழுதியிருக்கிறேன். ஒரு வரி வரவில்லை. "தப்பு என்னுதுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். "எனக்குத் தெரியாது, டாக்டரக் கேட்டுச் சொல்றேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உள்ளே அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். "நாளான்னிக்கு வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டேன். அதற்குள் நெய்ய ஆரம்பித்துவிட்டார். தலையாட்டினாரா, தறி இழுப்பில் தலை ஆடியதா, தெரியவில்லை.

ஊருக்குப் போவதாக இருந்தவள் எதற்கு அப்படிக் கேட்டேன்?

14 ஆகஸ்ட்

கிருஷ்ணம்மாளிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப அந்தத் தைலம்?" என்று பதறினார். எங்கள் அம்மா போடுவது என்றேன். "நல்லாத்தான் கேக்குது. உங்கம்மா டாக்டரா?"

16 ஆகஸ்ட், சனி

ஒரு மணி நேரம் வெள்ளைக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டு வரையக் கை வரவில்லை. வேறு எதுவும் தெரியவும் இல்லை. அப்படியே காலியாகக் கொடுத்தேன்.

அதைப் பார்த்துவிட்டு கிரண் மெதுவாகச் சொன்னான்: "ஏரின்னு சொன்னது பீலா. எனக்கு மனுஷங்கள வரைய பயம். பேஷன்ட் மூஞ்சப் பாத்துப் பேசறதுக்கும்தான்."

தனசேகரன்கூட ஜோக்கடிக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் இருந்து பார்க்கலாம்.

2 செப்டம்பர்

அந்தப் பகல் தூக்கத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். காலை மாத்திரையையும் இரவுக்கே மாற்றி எழுதிக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. ஜூலையிலேயே கேட்டிருந்தால்!

பொன்னுசாமியிடம் சொன்னபோது, "நீ சொல்றியா, டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டார்.

"டாக்டர் சொன்னாருங்கண்ணா." சீட்டைக் காட்டினேன். வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு, இந்த வீட்டில் முதன்முறையாக, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

13 செப்டம்பர், சனி

இன்று வரைந்தது: பாதி திறந்த ஒரு கதவு. வாசலில் என் செருப்பு. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், ஒன்றும் தெரியாது. நானும் படத்தில் இல்லை.

 தனசேகரன் எட்டிப் பார்த்து, "வாரு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டுகீற. ரெண்டுமே லெஃப்ட் கால்" என்றான்.

உண்மைதான். எனக்குச் செருப்பும் வரைய வராது.

7 நவம்பர், வெள்ளி

இன்று டாக்டர் வரும் நாள் இல்லை. மையம் காலியாக இருந்தது. பதினோரு மணிக்கு சின்னக்கண்ணு அக்கா தனியாக வந்தார், டவுன் பஸ்ஸில். என்னவோ ஏதோ என்று பதறி எழுந்தேன்.

"மாத்திர கீதா அக்கா?"

"அதெல்லாம் கீது. அதுக்கு வரல. சும்மா உன்னாண்ட பேசிட்டுப் போலாம்னு."

பெஞ்சில் உட்கார்ந்தோம். கத்தரிக்காய் விலை, அவர் தங்கச்சி மகளுக்கு வந்த வரன், பையனின் மூக்கு சரியில்லை, ஆனாலும் பரவாயில்லை. நடுவில் ஒருமுறை, களம்பூர் ஸ்டேஷனில் எவ்வளவு பயமாக இருந்தது என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். பிறகு மறுபடி கத்தரிக்காய்.

ஒரு மணி வண்டிக்குப் போய்விட்டார். பதிவேட்டில் 'அளித்த சேவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்துவிட்டு, 'பேசிக்கொண்டிருந்தோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.