தரையிலிருந்து எழுவதற்கு ஆறு மாதம்

3 பிப்ரவரி 1966, குற்றாலம் அருகே

நான் மயங்கி விழவில்லை. குளியலறையில் சோப்புத் தண்ணீர் வழுக்கி விழுந்தேன். மூன்று மணி நேரம் முழு நினைவோடு கிடந்தேன். சிங்கப்பூரில், எங்கள் பஃபலோ ரோட்டில், இதைத் திருத்திச் சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. இப்போது நான் சன்னியாசம் வாங்கிக்கொண்டு இந்தியா போய்விட்டதாகப் பேச்சாம். மருமகள் கமலா வேடிக்கைபோல எழுதியிருக்கிறாள். மறுத்துச் சொன்னாளா என்று எழுதவில்லை.

இந்த யோகப் பள்ளிக்கு நான் வந்த காரியம் ஒன்றுதான். அறுபத்தெட்டு வயதில், யார் கையையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டும். கப்பலேற்ற வந்த மகன் துரைசாமி துறைமுகத்தில் சொன்னான்: "ஆறு மாசம் எடுத்துக்குங்கம்மா. நீங்களா எழுந்திரிச்சுக் காட்டிட்டா நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லேன்னா வீட்டக் காலி பண்ணிட்டு எங்ககூட ஜூரோங் வந்துடணும்."

ஜூரோங். கப்பல் பட்டறைப் புழுதி, மூன்றாவது மாடி, கமலாவின் சமையல்.

11 பிப்ரவரி

நாலரைக்கு மணி அடிக்கிறார்கள். பச்சைத் தண்ணீர்க் குளியல். பிறகு ஒரு மூக்கில் உப்புத் தண்ணீர் விட்டு மறு மூக்கால் எடுக்க வேண்டும். முப்பது பேர் வாய்க்கால் ஓரமாக வரிசையில் நின்று சீந்துகிறார்கள். அதற்கு வடமொழியில் பெயர் வேறு. காலையில் கஞ்சி. பதினோரு மணிக்குச் சோறும் கத்தரிக்காயும். கொஞ்சம் உப்பு கேட்டேன். "ஆசைய விடுங்கம்மா" என்றார் பரிமாறியவர். மூக்குக்கு உண்டு, நாக்குக்கு இல்லை.

மாலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு 'நான் யார்' என்று ஒவ்வொருவரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியும். ஜன்னல் வழியே மாடு பார்த்தேன். லண்டனிலிருந்து வந்திருக்கும் ஒருத்தி தினமும் அந்த நேரத்தில் அழுகிறாள். கைக்குட்டை வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை.

12 பிப்ரவரி

நாற்காலி கேட்டேன். இல்லையாம்.

9 மார்ச்

ஆசிரியர் வடிவேலு முன்பு தபால்காரர். தோளில் எப்போதும் ஒரு துண்டு. அதில்தான் முகம், கை, கரும்பலகை எல்லாம் துடைக்கிறார்.

மூச்சை விடும்போது வாயைத் திறந்து 'ஆ' என்று சத்தம் விடச் சொல்கிறார். அத்தனை பேரும் கொட்டகை அதிர விடுகிறார்கள். என் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, உங்ககிட்டேயிருந்து சத்தம் வரலியே."

"வராது."

"வராதா, விட மாட்டீங்களா?"

குரலை உயர்த்துகிற பெண்ணுக்குச் சந்தையில் இடம் உண்டு, இங்கே இல்லை என்று கான்வென்டில் மதர் சொல்வார். அறுபது வருடமாகக் காப்பாற்றியதை ஒரு தபால்காரருக்காக விட முடியுமா?

22 ஏப்ரல்

மற்றவர்கள் மயில்போல நிற்கிறார்கள், பாம்புபோல நெளிகிறார்கள். எனக்குக் கொடுத்திருப்பது: ஒருக்களித்துப் புரள், கையூன்று, முட்டி போடு, ஒரு காலை முன்னால் வை. நாலாவதில் தினமும் சரிந்துவிடுகிறேன்.

"பத்து மாசக் குழந்தை இப்படித்தாம்மா எழுந்திரிக்குது. அதுக்கு வெக்கம் கெடையாது, அதான் சீக்கிரம் வந்துடுது" என்றார் வடிவேலு.

என் கணவர் இருந்தவரை துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தா. அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. என்னிடமும்.

30 மே

எழுந்துவிட்டேன். யார் கையும் இல்லாமல். லண்டன்காரி கை தட்டினாள். நான் என்ன சர்க்கஸா?

17 ஜூன்

இன்று பாய் சுருட்டும்போது வடிவேலு சாதாரணமாகக் கேட்டார்: "விழுந்த அன்னைக்கு யாரையும் கூப்பிடலியா? பக்கத்துல ஆளே இல்லியா?"

இருந்தார்கள். நேர் கீழே சேக் தாவூதின் மளிகைக் கடை. அவர் மிளகாய் நிறுப்பதும், வாங்க வந்தவரோடு சிரிப்பதும் எனக்குக் கேட்டது. நான் ஈரச் சேலையோடு கிடந்தேன். குழாய் திறந்தபடி. தண்ணீர் வழிந்து, மரத்தள இடுக்கு வழியாக அவருடைய மூட்டைகள் மேல் சொட்டியதால்தான் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு மூட்டைக்காரர்களும் அவருமாக என்னைச் சாக்கில் வைத்துத் தூக்கினார்கள்.

மூட்டைக்காகத்தான் வந்தார்கள் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறேன். அப்புறம் வேற எதுக்கு வருவாங்க? நான்தான் கூப்பிடவே இல்லையே. கூப்பிட்டிருந்தா அஞ்சு நிமிஷம். மூணு மணி நேரம் வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன் —

வடிவேலுவிடம் "ஆள் இல்லை" என்று சொன்னேன்.

29 ஜூலை, சிங்கப்பூர்

வீடு வந்தேன். என் அலமாரியைக் கமலா இடம் மாற்றி வைத்திருக்கிறாள். துணிகளில் பாதி ஏற்கெனவே பெட்டியில். என் தோல்வி அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

சேக் தாவூதின் மனைவி ஆமினா பீவி படியேறி வந்தாள். "சாமியாரம்மா வந்தாச்சா? தலகீழா நிப்பீங்களாமே, ஒரு தடவ காட்டுங்க லா." அந்த 'லா' ஒட்டாமல் இந்த ஊரில் யாருக்கும் பேச்சு முடியாது.

வரும் ஏழாம் தேதி, ஞாயிறு, துரைசாமி பார்க்க வருகிறான்.

4 ஆகஸ்ட்

குளியலறையில் அதே இடத்தில் படுத்துப் பார்த்தேன். காய்ந்த தரையில் இரண்டு முறை சுத்தமாக எழுந்தேன். ஆனால் நான் விழுந்தது காய்ந்த தரையில் அல்ல. பரீட்சையில் ஏமாற்றும் பழக்கம் எனக்கு இல்லை. தண்ணீர் ஊற்றினேன், சோப்பும் தேய்த்தேன்.

முட்டி நிற்கவில்லை. மூன்று முறை. மூன்றாவதில் இடுப்பு தரையில் பலமாக மோதியது. மேலே அதே துருப்பிடித்த குழாய். கீழே சேக் தாவூது எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்து மூச்சை விட்டேன். "ஆமினா."

அந்தக் குரல் யாருடையது? சந்தைக் குரல். மறுபடியும் கூப்பிட்டேன், இன்னும் பலமாக.

மாவுக் கையோடு ஓடி வந்தாள். தாழ் போட்டிருக்கவில்லை. "என்னம்மா இப்புடிக் கத்துறீங்க, கடையில நின்னவங்க பயந்துட்டாங்க லா. மெதுவா. கையக் குடுங்க."

கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் தோளில் மாவு.

5 ஆகஸ்ட்

துரைசாமிக்கு அனுப்பியதன் நகல்:

"ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டியதில்லை. காய்ந்த தரையில் எழுகிறேன். ஈரத் தரையில் முடியவில்லை. நேற்று விழுந்தேன், எலும்பு ஒன்றும் முறியவில்லை. வேறு யாரும் சொல்லி நீ அறியக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். உன் நிபந்தனைப்படி நான் தோற்றேன்.

ஆனால் கூப்பிட்டேன். ஆமினா பீவி வந்தாள். இனி குளிக்கும்போது தாழ் போட மாட்டேன். வாசல் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குத் துடைப்பக் கட்டையால் தரையில் மூன்று தட்டுத் தட்டுவேன். கேட்காவிட்டால் மேலே வருவாள். அவளாகவே சம்மதித்தாள். முதலில் சிரித்தாள், பிறகு சம்மதித்தாள்.

இந்த ஏற்பாட்டில் நான் இந்த வீட்டிலேயே இருக்க உனக்குச் சம்மதமா, இல்லையா? கடைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பு."